நெற்றியில் 1937 என்று இருந்தால் கடைவீடு 1937-இல் கட்டியதுதானா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பெரிய தெருவில் தாத்தா விட்டுச்சென்ற, கீழே கடையும் மேலே வீடுமான இரண்டு மாடிக் கடைவீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முகப்பின் உச்சியில் 1937 என்று எழுதியிருக்கிறது, கட்டடம் அந்த ஆண்டுதான் கட்டப்பட்டதா என்பது முதல் கேள்வி. ‘அது செட்டியார் கட்டிய கடை’ என்று பாட்டி சொல்வது உண்மையா என்பது இரண்டாவது. அண்ணன் இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்ப வேண்டும் என்கிறார், சரியா என்பதைக் கடைசியில் ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். வயதும் பரம்பரையும் தெரிந்துவிட்டால் இடிப்பதா வேண்டாமா என்பது தானே விளங்கிவிடும் என்ற எண்ணம் உங்கள் கேள்வியில் இருக்கிறது. அது அப்படி விளங்காது. அந்த முடிவைச் சொல்ல வேண்டியது இரு பக்கச் சுவர்களும் அவற்றில் செருகிய உத்திரங்களும்.

நான் கட்டட அளவாய்வு படித்தவன். பேராக் மாநிலத்துச் சிறு பட்டணங்களில் பழைய கடைவரிசைகளை அளந்து வரைபடம் போடுவதும், பழுதுபார்க்கும் வேலைகளை மேற்பார்வை செய்வதும் பல ஆண்டுகளாக என் தொழில். உங்கள் கட்டடத்துக்குள் நான் கால் வைத்ததில்லை. நீங்கள் போட்ட நான்கு படங்களை வைத்துத்தான் பேசுகிறேன். ஆகவே எது உறுதி, எது ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முகப்பு 1930-களைச் சேர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. படிப்படியாக உயர்ந்து நடுவில் உச்சி கொள்ளும் கைப்பிடிச்சுவர், அதன் நடுவே கொடிக்கம்பம் செருகும் குழி, சன்னல்களுக்கு மேல் ஒரே நீளமாக ஓடும் கான்கிரீட் நிழற்பட்டை, பூவேலை எதுவுமில்லாத நேர்க்கோடுகள், உச்சியில் ஆண்டு எண் எல்லாமே ஆர்ட் டெக்கோ பாணி. மலாயாவின் கடைத்தெருக்களில் அது 1930-களில் பரவிப் போருக்குப் பிறகும் நீடித்தது. முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தூண்களின் மேற்பரப்பில் பொடிக்கற்கள் தெரிகின்றன. அது ஷாங்காய் பூச்சு. சிமெண்டில் கல்பொடியைக் கலந்து பூசி, முழுதும் இறுகுமுன் மேற்பரப்பை நீரால் கழுவிக் கற்களை வெளியே தெரியச் செய்வார்கள். சாயம் அடிக்கத் தேவையில்லாத அந்தத் தூண்களின் மேல் யாரோ பச்சைச் சாயம் அடித்திருக்கிறார்கள். அதை நீக்க முடியும். ஆனால் மணல் வீச்சு எந்திரத்தைக் கிட்டவே சேர்க்காதீர்கள். கற்கள் பெயர்ந்து போகும்.

அந்த ஆண்டு வரலாற்றோடும் பொருந்துகிறது. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை அதல பாதாளத்துக்குப் போனது. தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன, ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழகம் திரும்பினார்கள். 1934-இல் பன்னாட்டு ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வந்து உற்பத்திக்கு வரம்பு கட்டிய பிறகே விலை நிமிர்ந்தது. கையில் மீண்டும் காசு புழங்கியதும் கடைக்காரர்கள் முதலில் செய்த செலவுகளில் ஒன்று, கடையின் முகத்தை மாற்றியது. நம் தோட்டப் பட்டணங்களில் 1935 முதல் 1940 வரையிலான எண்களை இத்தனை முகப்புகளில் பார்க்கிறோம் என்றால் காரணம் அதுதான்.

‘முகத்தை மாற்றியது’ என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். முகப்பில் இருக்கும் ஆண்டு முகப்புக்கு மட்டுமே சாட்சி. உங்கள் கடையின் உடல் அதைவிடப் பழையது என்பது என் ஊகம், வலுவான ஊகம். இரண்டாவது படத்தில், முன்சுவரிலிருந்து ஏறக்குறைய ஒரு கை நீளம் உள்ளே தள்ளி, பக்கச் சுவரின் பூச்சில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு ஓடுகிறது. அது கோணல்மாணலாக இல்லை, நூல் பிடித்தது போல நேராக இருக்கிறது. அடித்தளம் இறங்கி வரும் வெடிப்பு பெரும்பாலும் சாய்வாகவோ படிக்கட்டு வடிவிலோதான் போகும். இப்படி நேராக வருவது பழைய சுவரோடு புதிய முன்சுவரை ஒட்டிய இடத்தில். இன்னொன்று, தெருவின் எதிர்ப்புறமிருந்து எடுத்த படத்தில் உங்கள் கடைக்கும் இரு பக்கத்துக் கடைகளுக்கும் கூரை முகடு ஒரே மட்டத்தில் இருக்கிறது. பக்கத்துக் கடைகள் இரண்டிலும் மரப்பட்டைச் சன்னல்கள், முன்பக்கம் சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை. மூன்றையும் ஒரே காலத்தில் ஒரே வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள், பிறகு உங்களுடையது மட்டும் புது முகம் வாங்கியிருக்கிறது. வெடிப்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சை எடுத்துப் பார்த்தால் இது ஊகமா உண்மையா என்பது தெரிந்துவிடும். இரு பக்கச் செங்கற்களும் ஒன்றோடொன்று கோத்திருந்தால் நான் சொல்வது தவறு. கோக்காமல் முட்டிக்கொண்டு மட்டும் நின்றால் முன்சுவர் பின்னால் வந்தது.

பின்பக்கம் விழுந்து உடைந்த ஓட்டின் படத்தையும் போட்டிருந்தீர்கள். அதன் அடியில் தேனீ முத்திரையும் மார்செய் நகரின் பெயரும் இருக்கின்றன. அது பிரான்சின் மார்செய் நகரத்தில் குய்ஷார் கார்வேன் என்ற நிறுவனம் வார்த்த ஓடு. தென்கிழக்காசியத் துறைமுகங்கள் பலவற்றுக்கும் அந்த ஓடுகள் கப்பலில் வந்தன. மங்களூரில் பாசல் மிஷன் 1865-இல் தொடங்கிய ஓட்டுத் தொழிலும் இதே வடிவத்தைப் பின்பற்றியதுதான். ஓடு பிரான்சிலிருந்து வந்தது என்பது உறுதி. ஆனால் அதை வைத்துக் கூரையின் வயதைக் கணக்கிடாதீர்கள். நல்ல ஓட்டை யாரும் வீசுவதில்லை. ஒரு கட்டடத்திலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றுவது இங்கே சாதாரண வழக்கம்.

இந்த வகைக் கட்டடம் ஏன் இப்படி ஒடுங்கி நீண்டிருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் இடிப்பதைப் பற்றிப் பேச முடியும். அகலம் 18 அடி, ஆழம் 90 அடிக்கு மேல் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைவீடுகளின் வழக்கமான அளவு அதுதான். இரு பக்கச் செங்கல் சுவர்களே மொத்தப் பாரத்தையும் தாங்குகின்றன. மேல்மாடியின் மர உத்திரங்கள் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் பாய்கின்றன. ஆகவே நடுவில் தூண் இல்லாமல் ஓர் உத்திரம் எவ்வளவு தூரம் தாங்குமோ அதுவே கடையின் அகலம். முன்சுவருக்குப் பாரமே இல்லாததால்தான் 1937-இல் அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க முடிந்திருக்கும். நடுவே உள்ள முற்றம் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும். சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போகும், மழைநீர் தாழ்ந்த தரையில் விழுந்து வாய்க்கால் வழியே தெருவுக்குப் போகும். உங்கள் முற்றத்துக்கு மேல் யாரோ தகரம் போட்டு மூடியிருக்கிறார்கள். கீழ்த்தளம் இருட்டாகவும் புழுக்கமாகவும் இருக்கிறது என்ற உங்கள் குறை அந்தத் தகரத்தால் வந்தது, கட்டடத்தால் அல்ல.

முன்னால் உள்ள அஞ்சடிக்கு, அதாவது கடைக்கு முன்னால் கூரையின் கீழ் ஓடும் நடைபாதைக்கு, ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1822-இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்துக்கு ராஃபிள்ஸ் கொடுத்த கட்டளைகளில், ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் எந்நேரமும் திறந்திருக்கும் கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. கோலாலம்பூர் 1881-இல் முதலில் தீயாலும் பிறகு வெள்ளத்தாலும் அழிந்தது. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் ஆலோசகராக வந்த ஸ்வெட்டன்ஹாம், அத்தாப்பு ஓலைக் குடிசைகளுக்குப் பதில் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டும்படி ஆணையிட்டார். பிறகு மலாய் மாநிலங்களின் பட்டணங்களைச் சுகாதார வாரியங்கள் நிர்வகித்தபோது இந்த விதிகள் உள்ளூர்களுக்கும் வந்து சேர்ந்தன. அதனால்தான் தைப்பிங்கிலும் ஈப்போவிலும் உங்கள் ஊரிலும் கடைவரிசை ஒரே எலும்புக்கூட்டோடு நிற்கிறது. அஞ்சடியில் தையல் எந்திரம் வைத்தவர், பூக்கட்டியவர், பத்திரிகை விற்றவர், வெற்றிலை மடித்தவர் எல்லாரும் இந்த விதியின் நிழலில் பிழைத்தவர்கள்.

நான்காவது படம் எனக்கு மிகவும் பிடித்தது, நீங்கள் அதைத் தவறுதலாகச் சேர்த்ததாக எழுதியிருந்தாலும். பின்சந்திலிருந்து எடுத்த அந்தப் படத்தில், பின்சுவரின் அடியில், முழங்காலுக்கும் கீழே, இரும்புத் தகடு அடித்து மூடிய ஒரு சதுரத் துளை இருக்கிறது. அது வாளிக் கக்கூசின் துளை. மலக்குழித் தொட்டிகள் வருவதற்குமுன், விடியுமுன்னே ஆட்கள் சந்து வழியாக வந்து அந்தத் துளையில் கையை விட்டு நிறைந்த வாளியை இழுத்து, காலி வாளியைத் தள்ளிவிட்டுப் போவார்கள். அந்தச் சந்து விடப்பட்டதற்கு அந்த வேலை ஒரு முக்கியக் காரணம். சிங்கப்பூரின் நெரிசலையும் நோய்களையும் ஆராய்ந்த மருத்துவர் சிம்சன் 1907-இல் அளித்த அறிக்கையில் பின்சந்துகளை வலியுறுத்தினார். அதன் பிறகே அவை பட்டணத் திட்டங்களில் கட்டாயமாகின. முதுகோடு முதுகு ஒட்டிய பழைய வரிசைகளில் சந்து பின்னால் வெட்டப்பட்டது, புதிய வரிசைகளில் தொடக்கத்திலேயே விடப்பட்டது. உங்கள் பின்சுவரின் செங்கல் வேலை பக்கச் சுவர்களோடு ஒழுங்காகக் கோத்திருப்பதாகப் படத்தில் தெரிகிறது. ஆகவே சந்து இருந்த காலத்தில்தான் வரிசை எழுந்திருக்க வேண்டும். 1910-களின் பிற்பகுதியிலிருந்து 1920-களின் இறுதிக்குள் கட்டியது என்று நான் வைப்பேன். அதைவிடத் துல்லியமாகப் படத்தை வைத்துச் சொல்பவரை நம்பாதீர்கள்.

இனி செட்டியார் கதை. பாட்டி சொல்வதில் உண்மை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் அவர் சொல்லும் வடிவில் அல்ல. நாட்டுக்கோட்டை நகரத்தார் மலாயாவின் தோட்டப் பட்டணங்கள் எங்கும் வட்டித்தொழில் செய்தார்கள். ஊரில் இருந்த முதலாளியின் சார்பில் ஏஜெண்டு ஒருவர் மூன்றாண்டுத் தவணையில் வந்து கணக்கைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். சிறு தோட்டக்காரர்களும் சீனத் தவுக்கேகளும் (முதலாளிகளும்) மலாய்க்காரர்களும் நிலப்பட்டாவை அடகு வைத்துக் கடன் வாங்கினார்கள். மந்தக் காலத்தில் கடனைத் திருப்ப முடியாமல் போனபோது ஏராளமான நிலமும் கடைகளும் செட்டியார்களின் பெயருக்கு மாறின. மலாய்க்காரர் நிலம் பிறர் கைக்குப் போகாமல் தடுக்கும் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தை 1933-இல் கடுமையாக்கியதற்கு இந்தக் கைமாற்றமும் ஒரு காரணம். ஆகவே பட்டாவில் செட்டியார் பெயர் இருந்தால், அவர் கட்டினார் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. கடனுக்கு ஈடாக வந்து, விலை நிமிர்ந்த பிறகு புது முகப்பு வைத்து, வாடகைக்கு விட்டோ விற்றோ இருக்கலாம். 1937 என்ற எண்ணுக்கு இந்தக் கதை அழகாகப் பொருந்துகிறது என்பதாலேயே நான் அதைக் கூடுதல் எச்சரிக்கையோடு பார்க்கிறேன்.

செட்டியார்கள் தங்கள் தொழிலுக்கென்றே வைத்திருந்த இடமாக, அதாவது கிட்டங்கியாக இருந்ததா என்றும் கேட்கலாம். கிட்டங்கியின் அமைப்பு வேறு. தடுப்பு இல்லாத நீண்ட கூடம், இரு பக்கமும் பலகை மேடை, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் பணப்பெட்டி வைக்கும் ஒரு பெட்டியடி, சாய்ந்து எழுதும் குட்டை மேசை, பின்னால் பொதுச் சமையல் என்று இருக்கும். உங்கள் கீழ்த்தளத்தில் நடுத்தடுப்புச் சுவரும் சாமான் அடுக்கும் மரப்பரணும் தெரிகின்றன. அது மளிகைக் கடைக்கு உரிய அமைப்பு. கட்டிய கைகள் பெரும்பாலும் சீனக் கட்டட ஒப்பந்தக்காரர்களுடையவை. தமிழர் சொத்தாக இருந்த கடைவீடுகளையும் அவர்களே கட்டினார்கள்.

உறுதிப்படுத்த வழி உண்டு. கோலகங்சார் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி அதிகாரபூர்வத் தேடல் கேளுங்கள்; இன்றைய பட்டாவோடு நிற்காமல் அதற்கு முந்தைய பட்டாவின் நகலையும் கேளுங்கள். உரிமை மாற்றமும் அடகும் தேதியோடு பதிவாகியிருக்கும். செட்டியார் பெயருக்கு முன்னால் மூன்று நான்கு தலைப்பெழுத்துகள் வரிசையாக இருந்தால் அது விலாசம், அவருடைய நிறுவனத்தின் அடையாளம். அடகுப் பதிவு முதலில் வந்து உரிமை மாற்றம் பிறகு வந்திருந்தால் கடனுக்கு வந்த சொத்து என்று கொள்ளலாம். காலிமனையாக வாங்கியிருந்தால் மட்டுமே ‘செட்டியார் கட்டியது’ என்ற சொல் நிற்கும். இன்னொரு சான்றும் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு மட்டுமே பொருந்தியது. அந்தச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, இடைக்காலமும் 1999 டிசம்பர் 31-உடன் முடிந்தது. தாத்தா காலத்து வாடகைத் தாளில் அந்தச் சட்டத்தின் பெயர் இருந்தால் 1948 பிப்ரவரிக்கு முந்தைய கட்டடம் என்பதற்கு அது எழுத்துச் சான்று.

சுங்கை சிப்புட் என்றால் வரலாற்றுப் புத்தகங்கள் 1948 ஜூன் 16-ஐத்தான் சொல்லும். எல்ஃபில் தோட்டத்திலும் அதற்கு அருகிலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுடப்பட்டதும், அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்கப் பிரிட்டிஷார் அவசரகாலத்தை அறிவித்ததும் எல்லாருக்கும் தெரியும். இந்த ஊரைத் தொகுதியாகக் கொண்ட துன் சம்பந்தன், துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் தெரியும். ஆனால் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களுக்குப் பட்டணம் என்றால் சம்பளத்துக்கு அடுத்த நாள். அரிசி, பருப்பு, கருவாடு, தீபாவளித் துணி, தாலிக்குப் பொன் எல்லாம் இந்தக் கடைவரிசையில்தான் வாங்கினார்கள். பற்றுப் புத்தகத்தில் எழுதிவைத்து மாதக் கடைசியில் தீர்த்தார்கள். அந்த வாழ்க்கைக்குச் சாட்சியாக லயங்கள் அனேகமாக எங்கும் இல்லை. ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தபோது அவையும் போயின. மிஞ்சியிருப்பது கடைகள். உங்கள் கடைவீட்டை நான் மதிப்பது முதன்மையாக இதற்காகத்தான், ஆர்ட் டெக்கோவுக்காக அல்ல.

அண்ணனின் கவலைக்கு வருகிறேன். அவர் காட்டும் காரணம், கீழ்ச்சுவர் இடுப்பளவுக்குப் பொரிந்து உதிர்கிறது, கட்டடம் செத்துவிட்டது என்பது. பொரிவது உண்மை, செத்துவிட்டது என்பது அதிலிருந்து பெறப்படாது. பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அதற்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. நிலத்தின் ஈரம் மேலேறும், சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிப் போகும். அப்படித்தான் அது காலங்காலமாக நின்றது. முந்தைய வாடகைக்காரர் கீழ்ப்பகுதி முழுவதும் சிமெண்டு பூசி அதன்மேல் தரை ஓடுகளைப் பதித்ததாக எழுதியிருக்கிறீர்கள். சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது. ஈரம் இன்னும் மேலே ஏறி, கொண்டுவந்த உப்பைப் பூச்சுக்குப் பின்னால் படிய வைத்து, பூச்சையும் செங்கல்லின் முகத்தையும் உடைத்துத் தள்ளுகிறது. அந்த ஓடுகளையும் சிமெண்டையும் முழுவதுமாக எடுத்துவிட்டு, சுவரைப் பல மாதங்கள் சும்மா காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்தால் மறுபடி பூசுங்கள். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். அது செட்டிநாட்டு மாளிகைகளின் பளபளப்புப் பூச்சு, இந்தச் சுவருக்குத் தேவைப்படாது.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது உத்திர முனைகள். அவை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஈரமும் கரையானும் சேர்ந்தால் வெளியே நல்லதாகத் தெரியும் மரம் உள்ளே பஞ்சாகிவிடும். மரச்சுத்தியால் ஒவ்வொரு முனையையும் தட்டச் சொல்லுங்கள். கணீரென்ற ஒலி வந்தால் நல்லது, பொத்தென்று கேட்டால் துளையிட்டுப் பார்க்க வேண்டும். நான்கைந்து முனைகள் கெட்டிருந்தால் இரும்புத் தாங்கி வைத்துச் சரிசெய்யலாம். பாதிக்கு மேல் போயிருந்தால் மேல்தளம் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும், அப்போது அண்ணனின் வாதத்துக்கு எடை கூடும். இதைப் படத்தில் பார்க்க வழியில்லை. நேரில் வந்து பார்க்கும் பொறியாளர்தான் சொல்ல முடியும்.

இடிப்பதில் அண்ணன் கணக்கில் எடுக்காத செலவு ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கச் சுவர்கள் உங்களுடையவை மட்டுமல்ல, பொதுச்சுவர்கள். இடப்பக்கத்துக் கடையின் உத்திரங்களும் அதே சுவரில்தான் செருகியிருக்கின்றன. உங்கள் தளத்தையும் கூரையையும் எடுத்தால் அந்தச் சுவர் ஒரு பக்கத் துணையை இழக்கும், மழையில் நனையும். முட்டுக்கொடுத்து, நீர் புகாமல் மூடி, பக்கத்துக்காரர்களுக்கு வரும் வெடிப்புகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். பழைய சுவர்களின் அடித்தளம் ஆழமில்லாதது. பக்கத்திலேயே மூன்று மாடிக்குத் தூண் அடித்தால் அதிர்வில் வரிசையே விரிசல் விடக்கூடும். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி நகராண்மைக் கழகத்தின் அனுமதியும் தேவை. மரபுடைமைச் சட்டம் தடுக்குமா என்றால், 2005-இல் இயற்றிய அச்சட்டம் முறையாகப் பதிவாகி அறிவிக்கப்பட்ட கட்டடங்களுக்கே முழுப் பாதுகாப்பு தருகிறது. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுனிலும் மலாக்காவிலும் இருக்கும் கட்டுக்காவல் நம் தோட்டப் பட்டணங்களுக்கு இல்லை. அதாவது உங்கள் கடையை இடிப்பதும் காப்பதும் உங்கள் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், உத்திரங்கள் தேறும் பட்சத்தில் இடிக்காதீர்கள். முற்றத்தின் தகரத்தை எடுத்துவிட்டு, சுவரைக் காயவைத்து, கீழே கடையும் மேலே அலுவலகமுமாக வாடகைக்கு விடலாம். பறவைக்கூட்டுத் தொழிலுக்கு, அதாவது உண்பதற்கு விற்கும் கூடுகளுக்காக உழவாரன் குருவி வளர்ப்பதற்கு, மட்டும் விட்டுவிடாதீர்கள். சித்தியவானிலும் தெலுக் இந்தானிலும் கடைவீடுகளின் மேல்மாடியை அடைத்து ஈரம் தெளித்து வளர்த்ததில் மரத்தளங்கள் என்ன கதிக்கு வந்தன என்பதை நான் நேரில் பார்த்தவன். பெரிய செலவு எதிலும் இறங்குமுன் இந்த வரிசையில் போங்கள்: முதலில் உத்திர முனைச் சோதனை, அடுத்து வெடிப்பின் மேல் பூச்சைத் திறந்து பார்ப்பது, பிறகு நில அலுவலகத் தேடல். பட்டா நகல் கிடைத்ததும் பெயர்களையும் மனை எண்ணையும் மறைத்துவிட்டு இங்கேயே போடுங்கள், அடகுப் பதிவுகளை வாசித்துச் சொல்கிறேன்.